நீரில் அழியாத நீல மை: எதை வாங்கலாம்?

பத்திரத்தில் கையெழுத்துப் போட நீல மை வேண்டும், தண்ணீர் பட்டாலும் அழியக்கூடாது, ஆனால் மை நிரப்பி எழுதும் பேனாவை வாரம் ஒருமுறைதான் தொடுவேன் என்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயம்தான் சிக்கல். பிளாட்டினம் பிக்மென்ட் ப்ளூ அருமையான மை, அதன் நிறமித் துகள்கள் தாளிலேயே பிடித்துக்கொள்ளும். ஆனால் பேனாவுக்குள் காய்ந்துவிட்டால் கழுவி எடுப்பது பெரும்பாடு. மூடி சரியாக இறுகாத பேனாவா? அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உங்களுக்கு ரோரர் அண்ட் கிளிங்னர் நிறுவனத்தின் சாலிக்ஸ் மை ஒத்துவரும் என்பேன். அயர்ன் கால் (iron gall) வகை, அதாவது இரும்பு உப்பு கலந்த மை. எழுதும்போது நல்ல நீலம், அப்புறம் காற்றுப் பட்டுக் கொஞ்சம் சாம்பல் தட்டும். நனைந்தால் மேலாக உள்ள நீலச் சாயம் கரையும், எழுத்து நிற்கும். அமிலத்தன்மை உண்டு, அதனால் அடுத்த முறை நிரப்பும் முன் வெறும் தண்ணீரில் பேனாவை அலசிவிடுங்கள். முதலில் அந்தப் பத்திரத்தாளின் ஓரத்துண்டு ஒன்றில் எழுதி, ஒரு நாள் காயவிட்டு, குழாயடியில் பிடித்துப் பாருங்கள்.