கிராஷ் அறிக்கை சேமிக்கும் வசதியைத் தானியங்கியாகச் சோதிப்பது எப்படி?

டிபக்கர் (நிரலின் பிழைகளைத் தேட உதவும் கருவி) கோர் கோப்பை, அதாவது நிரலின் அந்நேரத்து நினைவகமும் நிலையும் அடங்கிய பதிவை, உருவாக்குகிறது, அதன் அளவும் பூஜ்யமில்லை, இதற்குமேல் எதைச் சோதிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு டிபக்கருக்குச் சோதனைகள் எழுதிவருகிறேன். என் அனுபவத்தில், சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எங்கள் பக்கத்தில் விதைநெல்லை மூட்டையின் எடையைப் பார்த்து நம்புவதில்லை; ஒரு பிடி நெல்லை ஈரத்துணியில் முடிந்துவைத்து, எத்தனை முளைத்தன என்று எண்ணிய பிறகே விதைப்பார்கள். கோர் கோப்பையும் திறந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

லினக்ஸில் பரவலாகப் பயன்படும் டிபக்கரான ஜிடிபியின் மூலநிரலோடு வரும் ஜிகோர் சோதனையை (கோர் கோப்பைச் சேமிக்கும் கட்டளைக்கானது) வாசியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தி, பேக்டிரேஸ் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற பட்டியல்), ரெஜிஸ்டர்கள் (செயலியின் உள் சேமிப்பிடங்கள்), ஸ்டாக், ஹீப் என்ற நினைவகப் பகுதிகளில் உள்ள வரிசைகளின் மதிப்புகள் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்கிறது. பிறகு கோர் கோப்பைச் சேமித்து, ஜிடிபியைப் புதிதாகத் தொடங்கி, அக்கோப்பை ஏற்றி, அதே கேள்விகளை மறுபடி கேட்டு ஒப்பிடுகிறது. விடைகளை அதே ஓட்டத்திலிருந்து எடுப்பதால், முகவரிகள் கணினிக்குக் கணினி மாறினாலும் சோதனை தடுமாறுவதில்லை. பழைய அமர்விலேயே கோப்பைத் திறந்தால், அதன் நினைவில் எஞ்சியிருக்கும் தகவல் கோப்பின் குறையை மறைத்துவிடக்கூடும்.

ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பல த்ரெட்கள் இருந்தால், சில விநாடிகள் காத்திருந்து சேமிப்பது தவறு. எல்லா த்ரெட்களும் ஒரு தடுப்பு வரிக்கு வந்துசேர்ந்ததை உறுதிசெய்துகொண்டே சேமிக்க வேண்டும். கடவுச்சொல் போன்றவற்றுக்காக, கோர் கோப்பில் சேர்க்க வேண்டாம் என்று லினக்ஸிடம் குறித்துவைத்த நினைவகப் பகுதி உண்மையிலேயே விடுபட்டிருக்கிறதா என்பதற்கும் தனிச் சோதனை தேவை. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

ஒரு ஐப்பசி மழையில் மின்சாரம் போனபோது, பாதி எழுதப்பட்ட கோப்பு சரியான பெயரோடு என் கணினியில் தங்கிவிட்டது. கோர் கோப்பின் வகையைச் சொல்லும் ஈ.எல்.எஃப். (லினக்ஸின் கோப்பு வடிவம்) தலைப்பகுதி தொடக்கத்திலேயே இருப்பதால், கோப்பின் வகையை மட்டும் பார்த்தவருக்கு அது முழுக் கோப்பாகவே தெரியும். இப்போது தற்காலிகப் பெயரில் எழுதி, வட்டில் பதிந்த பின்னரே பெயரை மாற்றுகிறோம். சோதனையில் 16 எம்பி மட்டுமே கொள்ளும் டிஎம்பிஎஃப்எஸ் (நினைவகத்தில் அமைக்கும் தற்காலிகக் கோப்பு முறைமை) ஒன்றை ஏற்றி, அதைவிடப் பெரிய நிரலைச் சேமிக்கச் சொல்லி, பிழைச்செய்தி வருகிறதா, இறுதிப் பெயரில் கோப்பு இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

லினக்ஸ் வகையான உபுண்டுவில் இயல்பான அமைப்பில், ஏற்கெனவே ஓடும் வேறொரு நிரலோடு டிபக்கரை இணைக்கச் சாதாரணப் பயனருக்கு அனுமதி கிடைக்காது. ஆகவே சோதனை நிரலை டிபக்கரின் வழியாகவே தொடங்குங்கள்.