உடைக்காத கடிதத்துக்கும் வட்டி ஓடும்

கேள்வி: ஐயா, எனக்கு 54 வயது. நிலாவெளியில் அப்பாவின் காணியில் ஆறு அறை கொண்ட விருந்தினர் விடுதி நடத்துகிறேன். 2018 பெப்ரவரியில் அந்தக் காணியை ஈடு வைத்து ஒரு வங்கியில் 80 இலட்சம் எடுத்தேன். பதினான்கு மாதம் பிசகாமல் கட்டினேன். பிறகு உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச குடும்பத்தோடு எங்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு வந்து தங்கிய அந்த மே மாதம், தளத்துக்கு வெளியே ஆர்ப்பாட்டம், இங்கே ஆறு அறையும் காலி. வங்கி இடையிடையே சலுகைக் காலம் தந்தது. 2022 டிசம்பரில் சேர்ந்த வட்டியையும் முதலோடு கூட்டி, 112 இலட்சமாக்கி, 22 சதவீத நிலையான வட்டியில் பத்து வருடத்துக்கு மாற்றி எழுதினார்கள். மாதத் தவணை 231,500 ரூபா. கட்டியும் கட்டாமலும் இழுபடுகிறேன். மனைவியின் 18 பவுண் நகை அடகில் இருக்கிறது. வங்கியிலிருந்து மூன்று கடிதம் வந்தது. முதலாவதைத்தான் உடைத்தேன், மற்ற இரண்டும் சாமிப் படத்துக்குப் பின்னால் கிடக்கின்றன. நிலுவைத் தவணை 16 இலட்சத்தை மாதம் 5 வட்டிக்குத் தர ஒருவர் ஆயத்தம். கனடாவில் உள்ள தம்பி 30 இலட்சம் அனுப்புகிறேன் என்கிறான். உப்புவெளியில் உள்ள வெறுங்காணியை மகனின் பெயருக்கு மாற்றி விடு என்று ஒரு நண்பர் சொல்கிறார். கடனுக்குப் பிணை நின்றது மனைவியின் அண்ணன். அவருக்கு இது எதுவும் தெரியாது. நான் என்ன செய்ய?

பதில்: உங்கள் கேள்வி கிடைத்தவுடன் நான் பதில் எழுதவில்லை. அந்த இரண்டு உறைகளையும் உடைத்து, உள்ளே இருப்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றுதான் முதலில் கேட்டேன். நான்கு நாள் கழித்து அனுப்பினீர்கள். நான்கு நாள் ஏன் ஆனது என்று கேட்கமாட்டேன். 22 வருடம் வங்கியின் அந்தப் பக்க மேசையில் இருந்தவன் நான். உறையை உடைக்கக் கை வராத ஆட்கள் எத்தனையோ பேர் என் முன்னால் வந்து இருந்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், பெரும்பாலும் அதுவரை ஒரு தவணைகூடத் தவறாதவர்கள்.

மூன்றாவது கடிதம் நீங்கள் பயந்தது போலத்தான். சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் அது. மொத்தம் 121 இலட்சம், அதில் தண்ட வட்டி 4 இலட்சம். ஆனால் இரண்டாவது? அதை நான் இரண்டு தரம் வாசித்தேன். வங்கியின் தொழில் மீளெழுச்சிப் பிரிவுக்கு வந்து, உங்கள் வருமானக் கணக்கைக் காட்டி, திருப்பிச் செலுத்தும் முறையை மாற்றுவது பற்றிப் பேசும்படி அழைத்திருக்கிறார்கள். 30 நாள் அவகாசம் தந்திருக்கிறார்கள். நீங்கள் உறையை உடைத்த அன்றைக்கு அந்த 30 நாள் முடிந்து 19 நாளாகிவிட்டது.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வராதபோது வங்கியின் கோப்பில் என்ன எழுதப்படும் என்று சொல்கிறேன், ஏனென்றால் நானே எழுதியிருக்கிறேன். 'வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை.' அவ்வளவுதான். ஈஸ்டர், கொரோனா, அடகில் உள்ள நகை, எதுவும் அந்த வரியில் இருக்காது. தலைமை அலுவலகத்தில் உங்கள் கோப்பைத் திறப்பவருக்கு நிலாவெளியும் தெரியாது, உங்களையும் தெரியாது. அந்த ஒரு வரிதான் தெரியும். சட்டத்தரணியின் கடிதம் அந்த வரிக்குப் பிறந்த பிள்ளை.

இன்னும் கதவு மூடவில்லை. எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை முதலில் விளங்கிக் கொள்ளுங்கள். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஈடு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே ஏலத்தில் விற்கலாம். 'பராட்டே' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதற்கு முதலில் வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் எடுக்க வேண்டும். அந்தத் தீர்மானம் வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வரும். அதன் பிறகுதான் ஏல அறிவித்தல். உங்கள் கடிதத்தில் சபைத் தீர்மானம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆக, நீங்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறீர்கள். இந்தப் பக்கம் நிற்கும்வரை கிளை முகாமையாளராலும் மீளெழுச்சிப் பிரிவாலும் பேசி முடிக்கலாம். தீர்மானம் எடுத்த பிறகு பேச்சு கடினம், செலவும் உங்கள் தலையில்தான் ஏறும்.

பராட்டேயை அரசாங்கம் நிறுத்தி வைத்திருக்கிறதே என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பி இருக்காதீர்கள். முதலில் 2024 டிசம்பர் 15 வரை நிறுத்தினார்கள், பிறகு 2025 மார்ச் 31 வரை நீட்டினார்கள். பேசித் தீர்க்கத் தந்த நேரம் அது. நிலாவெளியில் எத்தனை பேர் அந்த நேரத்தில் வங்கிப் படி ஏறினார்கள் என்று நினைக்கிறீர்கள்? எனக்குத் தெரிந்து இரண்டே பேர்.

இந்த நாடு பட்ட பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2022 ஜனவரி 18 அன்று, டொலர் இல்லாத நேரத்தில், 50 கோடி டொலர் பிணைமுறிக் கடனைத் தவணை தப்பாமல் கட்டினார்கள். மானம் காக்கிறோம் என்ற நினைப்பு. அடுத்து வந்த வாரங்களில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. ஏப்ரல் 12 அன்று, இனிக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த 50 கோடி கையில் இருந்திருக்கும். நீங்கள் மனைவியின் 18 பவுணை அடகு வைத்து நான்கு தவணை கட்டியதும் இதே கதைதான். கடன் குறையவில்லை, நகை போனதுதான் மிச்சம். ஆனால் அதே நாடு பிறகு கடன் கொடுத்தவர்களோடு உட்கார்ந்து பேசி, 2024 டிசம்பரில் அந்தப் பிணைமுறிகளை மாற்றி எழுதியபோது முதல் தொகையிலேயே 27 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு வங்கி முதல் தொகையில் வெட்டித் தராது, அந்த ஆசை வேண்டாம். ஆனால் வட்டியில் தரும், தண்டத்தில் தரும், காலத்தில் தரும்.

வட்டியிலிருந்து தொடங்குவோம். நீங்கள் 22 சதவீதத்துக்குக் கையெழுத்து வைத்த 2022 டிசம்பரில் வங்கிகள் மிகச் சிறந்த வாடிக்கையாளருக்கே 27 சதவீதத்துக்கு மேல் வட்டி போட்டன. அந்த வகையில் அன்றைக்கு உங்களுக்குக் கிடைத்தது மோசமான பேரம் இல்லை. ஆனால் அந்தச் சந்தை வட்டி பிறகு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. நீங்கள் மட்டும் 2022 டிசம்பரிலேயே வாழ்கிறீர்கள். நிலையான வட்டி என்று எழுதியதால் அது தானாக இறங்காது. கேட்டால்தான் இறங்கும். கேட்கத்தான் அந்த இரண்டாவது கடிதத்தில் கூப்பிட்டார்கள்.

உங்கள் கணக்கை நீங்கள் அனுப்பிய கொப்பியிலிருந்து நான் போட்டுப் பார்த்தேன். மே முதல் செப்டெம்பர் வரை, அறை 9,000 ரூபா, பாதி அறை நிரம்பினால், செலவு போக மாதம் 4 இலட்சம் அளவில் மிஞ்சுகிறது. மற்ற ஏழு மாதமும் மாதம் 30,000 மிஞ்சினால் பெரிய காரியம். வருடத்துக்கு 22 இலட்சம். நீங்கள் கட்ட வேண்டியதோ வருடத்துக்கு 27.8 இலட்சம். இது சோம்பலோ ஊதாரித்தனமோ இல்லை, கணக்கே பொருந்தவில்லை. சுற்றுலா திரும்பி வந்துவிட்டது உண்மைதான்: 2021 இல் நாட்டுக்கு 2 இலட்சம் பேர்கூட வரவில்லை, 2024 இல் 20 இலட்சத்தைத் தாண்டியது. இருந்தும் 22 சதவீத வட்டியில் உங்கள் ஆறு அறையும் முழுக்க வங்கிக்குத்தான் உழைக்கும்.

இதே 121 இலட்சத்தை 12 சதவீதத்தில் 12 வருடத்துக்கு மாற்றினால் மாதம் 159,000 அளவில் வரும், வருடத்துக்கு 19 இலட்சம். மூச்சு விடலாம், சாப்பிட முடியாது. இங்கேதான் தம்பியின் 30 இலட்சம் வருகிறது.

அந்தக் காசை இப்போது அனுப்பச் சொல்லாதீர்கள். கணக்கில் விழுந்த அன்றே நிலுவைக்கும் தண்டத்துக்கும் வெட்டிக்கொள்வார்கள், அடுத்த மாதம் அதே 231,500 வாசலில் நிற்கும். தம்பியின் காசு உங்கள் கையில் உள்ள ஒரே சீட்டு, அதைக் கடைசியில்தான் இறக்க வேண்டும். வங்கியிடம் இப்படிச் சொல்லுங்கள்: 'தண்ட வட்டி 4 இலட்சத்தைக் கழியுங்கள், வட்டியைக் குறையுங்கள், காலத்தைக் கூட்டுங்கள். புதிய ஒப்பந்தம் எழுத்தில் வந்த அன்றைக்கு 30 இலட்சம் முதலுக்குக் கட்டுகிறேன்.' அப்படி நடந்தால் மீதி 87 இலட்சம். 12 சதவீதம், 12 வருடம் என்றால் மாதம் 114,000 அளவில். வருடத்துக்கு 13.7 இலட்சம் போக உங்களுக்கு 8 இலட்சம் கிடைக்கும். வட்டி 12 தான் என்று நான் உறுதி சொல்லவில்லை, 13 என்றாலும் ஒத்துக்கொள்ளுங்கள். 16 என்றால் எழுந்து வந்து எனக்கு எழுதுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள், பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. மாதம் ஒரே அளவுத் தவணை என்பது சம்பளக்காரருக்கு எழுதிய கணக்கு. நவம்பரில் வாடை பிடித்தால் புறாமலைத் தீவுக்குப் படகும் போகாது, உங்கள் அறையில் ஒரு மின்விசிறியும் சுற்றாது. அந்த மாதத்திலும் முழுத் தவணை கட்டச் சொன்னால் நீங்கள் அடகுக் கடைக்குத்தான் போவீர்கள். ஆகவே மே முதல் செப்டெம்பர் வரை மாதம் 230,000, மற்ற மாதங்களில் 32,000 என்று பருவத்துக்கு ஏற்ற தவணை கேளுங்கள். வருடக் கூட்டுத்தொகை ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டு வருடக் கொப்பியைக் காட்டினால் மறுப்பது அவர்களுக்குச் சுலபமில்லை. கொப்பியைக் கையால் எழுதியபடியே கொண்டு போங்கள். நகல் எடுத்து அழகுபடுத்தப் போனால் இன்னும் ஒரு மாதம் போய்விடும்.

மாதம் 5 வட்டிக்குத் தர ஆயத்தமாக இருக்கும் அந்த மீற்றர் வட்டிக்காரர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 16 இலட்சத்துக்கு மாதம் 5 வட்டி என்றால் மாதம் 80,000, முதலில் ஒரு சதம் குறையாது. அவரிடம் வாங்கி வங்கிக்குக் கட்டுவது, ஓட்டைப் படகில் தண்ணீரை வெளியே இறைப்பதற்குப் பதிலாக உள்ளே இறைப்பது.

உப்புவெளிக் காணியை மகன் பெயருக்கு மாற்றுவதும் வேண்டாம். கடன்காரர் துரத்தும் நேரத்தில் எழுதிய நன்கொடை உறுதியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம், அந்த வழக்கில் உங்கள் மகனும் இழுபடுவான். அதைவிட முக்கியம், அந்தக் காணி வங்கிக்கு ஈடு வைத்தது இல்லை. அது உங்கள் இரண்டாவது சீட்டு. தகுதியான மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு விலை பார்த்து வையுங்கள். விற்பதென்றால் நீங்கள் விரும்பிய விலைக்கு, நீங்கள் விரும்பிய மாதத்தில் விற்கலாம். ஏலத்தில் அந்த இரண்டும் உங்கள் கையில் இல்லை.

வங்கியில் பேச்சு சரிவராவிட்டால், திருகோணமலையிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 1935 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். வங்கிகளில் மீளெழுச்சிப் பிரிவு அமைக்கச் சொல்லி 2024 இல் பணித்ததே மத்திய வங்கிதான், அதைச் சொல்லியே பேசுங்கள். முறைப்பாடு எழுதும்போது கோபத்தைக் குறைத்து, திகதிகளை எழுதுங்கள். முதல் கடிதம் வந்த நாள், நீங்கள் கிளைக்குப் போன நாள், யாரைச் சந்தித்தீர்கள், அவர் என்ன சொன்னார். இரண்டாவது கடிதத்துக்குப் பதில் அனுப்பவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அது எப்படியும் அவர்கள் கோப்பில் இருக்கிறது.

திங்கட்கிழமை காலையிலேயே கிளைக்குப் போங்கள். கொப்பி, மூன்று கடிதங்கள், உப்புவெளிக் காணி உறுதியின் நகல், தம்பி காசு தருவதாகச் சொல்லி எழுதிய ஒரு கடிதம், இவ்வளவும் போதும். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நகை அவவுடையது, அவவுக்கும் கணக்குத் தெரிய வேண்டும்.

அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, மச்சானின் வீட்டுக்குப் போங்கள். போனில் வேண்டாம். பிணை நின்றவருக்கும் வங்கி கடிதம் போடும், அவருடைய பெயரும் கடன் தகவல் பணியகத்தில் ஏறும். தனக்கு ஒரு கடன் எடுக்கப் போகும் இடத்தில், கருமபீடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாரோ ஒரு பெடியன் சொல்லித்தான் அவருக்கு இது தெரிய வர வேண்டுமா? அவர் கோபப்படுவார். படட்டும். மதிப்பீட்டாளரின் அறிக்கை கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், உப்புவெளிக் காணியை விற்பதா வைப்பதா என்பதை அப்போது பார்ப்போம்.