ஆண்டனி மான் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெஸ்டர்ன் படங்களில், அதாவது அமெரிக்க மேற்கின் குதிரை, துப்பாக்கிப் படங்களில், இயக்குநர் ஜான் ஃபோர்டுக்கு அடுத்து ஆண்டனி மான்தான் என்று எழுதியிருந்தீர்கள். ‘வின்செஸ்டர் 73’ பார்த்தேன். ஒரு துப்பாக்கி கைமாறிக்கொண்டே போகும் விறுவிறுப்பான கதை, அவ்வளவுதான். படத்தைத் தாங்குவது ஜேம்ஸ் ஸ்டூவர்ட்தானே? கடைசியில் மானும் ‘எல் சிட்’ போன்ற பிரம்மாண்ட சரித்திரப் படங்களுக்குப் போய்விட்டார். பெரிய இயக்குநர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஸ்டூவர்ட்தான் தாங்குகிறார், சரி. ஆனால் எந்த ஸ்டூவர்ட்? அதுவரை அவர் தயங்கித் தயங்கிப் பேசும் நல்ல பிள்ளை. இந்தப் படத்தில் வில்லனாக வரும் டான் டுர்யேயின் கையை முறுக்கி, முகத்தை மதுக்கடை மேடையில் அழுத்துகிறாரே, அந்த இடத்தை மறுபடி பாருங்கள். வீரமா அது? வெறி.

மான் வந்த வழி அப்படி. 1940களில் அவர் எடுத்தவை சின்ன பட்ஜெட் குற்றப்படங்கள். ‘டி-மென்’ (1947) படத்தில், கள்ளநோட்டுக் கும்பலுக்குள் வேறு பெயரில் புகுந்த அதிகாரி, தன் சகா கண்ணெதிரே சுடப்படும்போதும் முகத்தில் எதையும் காட்டாமல் நிற்க வேண்டும். அங்கே அடக்கி வைத்ததெல்லாம் வெஸ்டர்ன்களில் வெடிக்கிறது.

‘தி நேக்கட் ஸ்பர்’ (1953) பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. முக்கியப் பாத்திரங்கள் ஐந்தே பேர். போருக்குப் போயிருந்தபோது காதலி விற்றுவிட்ட பண்ணையை மீட்க ஸ்டூவர்டுக்குப் பணம் வேண்டும். அதற்காக 5000 டாலர் தலைவிலை உள்ள ராபர்ட் ரயனைப் பிடித்து இழுத்துப் போகிறார். கட்டுண்டவனோ வழியெல்லாம் சிரித்துக்கொண்டே, பிடித்தவர்களை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடுகிறான். ஃபோர்டு படங்களில் வரும் மான்யுமென்ட் வேலி என்ற பாறைக்குன்றுப் பாலைவனம் தூரத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம். மானின் மலை மூச்சிரைக்க ஏற வேண்டிய இடம். குதிரையை முடுக்கும் பூட்ஸ் முள்ளைக் (அதுதான் ஸ்பர்) கழற்றிப் பாறையில் குத்திக் குத்தித்தான் ஸ்டூவர்ட் மேலே போகிறார். (முடிவைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்து பார்த்தாலும் கெடாது.) ரயனின் பிணத்தை ஆற்றிலிருந்து இழுத்துக்கொண்டு, பணம் வாங்கியே தீருவேன் என்று கத்துகிறார். அப்புறம் உடைந்து அழுகிறார். பிணத்தைப் புதைக்கிறார். அழுகிற கதாநாயகனை 1953இல் எந்த ஸ்டுடியோ விரும்பியிருக்கும்?

ஸ்டூவர்டோடு மான் எடுத்த வெஸ்டர்ன்கள் ஐந்து. ‘நைட் பாசேஜ்’ (1957) படத்தை மான் கைவிட்டதோடு உறவு முறிந்தது. வேறொருவர் இயக்கத்தில் வந்த அந்தப் படம் சப்பென்று இருக்கும். மான் அடுத்த ஆண்டே கேரி கூப்பரை வைத்து ‘மேன் ஆஃப் தி வெஸ்ட்’ எடுத்தார். திருந்தி வாழும் பழைய கொள்ளைக்காரன் தன் கும்பலிடமே மாட்டிக்கொள்கிறான். தன்னோடு வந்த பெண்ணை ஆடை களையச் சொல்லி மிரட்டியவனைப் பிறகு அடித்து வீழ்த்தி, அவன் உடைகளைப் பிய்த்தெறிகிறான். கௌரவமான கூப்பரின் முகத்திலும் அதே வெறி. நடிகர் வேறு, இயக்குநர் அவரேதான்.

பிரம்மாண்டங்கள் விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ‘ஸ்பார்டகஸ்’ படப்பிடிப்பு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அவரை நீக்கிவிட்டு ஸ்டான்லி குப்ரிக்கைக் கொண்டுவந்தார்கள். பிறகு ஸ்பெயினில் ‘எல் சிட்’ (1961), ‘தி ஃபால் ஆஃப் தி ரோமன் எம்பயர்’ (1964). இரண்டாவதில் பனி கொட்டும் எல்லைப்புறக் கோட்டையில் நடக்கும் பகுதி அருமை, ரோமுக்கு வந்ததும் இழுவை. படம் வசூலிலும் பெரிய அடி வாங்கியது.

‘நேக்கட் ஸ்பர்’ முதலில், உடனே ‘மேன் ஆஃப் தி வெஸ்ட்’. பார்த்துவிட்டு எழுதுங்கள். ‘எல் சிட்’டைப் பொறுமை இருந்தால் மட்டும் பார்த்தால் போதும்.