காலையில் வாசித்த வேதம் மத்தியானம் மறந்துபோகிறதே, அக்கா?

கேள்வி: எனக்கு வயது 58. விடியற்காலையில் எழுந்து வேதத்தில் மூன்று அதிகாரம் வாசிக்கிறேன். மத்தியானம் சோறு வடிக்கும்போது யோசித்தால், என்ன வாசித்தேன் என்றே ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. ஜெபக்குழுவில் சொன்னேன். "விசுவாசம் இருந்தால் போதும், மூளையைப் போட்டுக் கசக்காதே. சுயபுத்தியின்மேல் சாயக்கூடாது என்று நீதிமொழிகளிலேயே இருக்கிறதே" என்கிறார்கள். அப்படியென்றால் மனதைப் பழக்க வேண்டியதே இல்லையா, அக்கா?
- ஒரு வாசகி, நாசரேத்

பதில்: அன்புத் தங்கச்சி, அவர்கள் காட்டிய வசனம் நீதிமொழிகள் 3-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். ஞானத்தை வெள்ளியைப்போல் நாட வேண்டும், புதையலைப்போல் தேட வேண்டும் என்று அங்கே இருக்கிறது. தேடச் சொன்னவரே யோசிக்காதே என்று சொல்லுவாரா? கர்த்தரை விட்டுவிட்டு என் புத்தியே போதும் என்று இருக்காதே என்கிறார், அவ்வளவுதான். ஆண்டவர் இயேசுவும் முழு இருதயத்தோடும் ஆத்துமாவோடும் பலத்தோடும் மட்டுமல்ல, முழு மனதோடும் தேவனிடத்தில் அன்புகூரச் சொன்னார் (மாற்கு 12:30).

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. 2 தீமோத்தேயு 4-இல் அப்போஸ்தலன் பவுல் காவலில் இருக்கிறார். தேகத்தை விட்டுப் பிரியும் காலம் வந்தது என்று அவரே எழுதுகிறார். அதே அதிகாரத்தில், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்லுகிறார். சாகப்போகிறவருக்கு எதற்குப் புஸ்தகம்? கடைசி மட்டும் அவர் வாசிப்பை விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 58 வயதில் நீங்கள் ஏன் விட வேண்டும்?

சரி, மறதிக்கு வருவோம். மூன்று அதிகாரம் வேண்டாம், குறையுங்கள். பிலேமோன் நிருபத்தை, அதாவது பிலேமோனுக்கு எழுதின கடிதத்தை எடுங்கள். ஒரே அதிகாரம், 25 வசனம். ஒரு தடவை நிதானமாக வாசித்துவிட்டு வேதத்தை மூடிவிடுங்கள். மூடியபின் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: யார் எழுதினது, யாருக்கு, எதற்காக? தடுமாறும். தடுமாறட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு ஞாபகப்படுத்திப் பார்த்தால்தான் மனதில் தங்கும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலத்தில் பிள்ளைகளிடம் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கேள்வி கேளுங்கள். இந்த நிருபம் பிலேமோனுக்கு மட்டும் எழுதப்பட்டதா? இரண்டாம் வசனத்தைப் பாருங்கள். அப்பியாள், அர்க்கிப்பு, பிலேமோன் வீட்டில் கூடுகிற சபை என்று எல்லாரும் வருகிறார்கள். அப்படியானால் ஓடிப்போன அடிமை ஒநேசிமுவை மன்னித்து ஏற்றுக்கொள் என்று அவன் எஜமான் பிலேமோனிடம் பவுல் கேட்கிற வேண்டுகோள் சபை முழுவதற்கும் தெரிந்துவிடும். பிலேமோனுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒநேசிமு அப்போது எங்கே நின்றிருப்பான்? அவன் பட்ட கடனை நானே செலுத்துகிறேன் என்று பவுல் தன் கையாலேயே எழுதுகிறார். அதோடு, தான் தங்க ஒரு இடத்தை ஆயத்தம்பண்ணவும் சொல்லுகிறார். நேரில் வந்து பார்ப்பேன் என்று சொல்லாமல் சொல்லுகிறாரோ? இப்படியெல்லாம் யோசித்த அதிகாரம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. யோசிக்க யோசிக்க, நான் யாரை இன்னும் மன்னிக்காமல் வைத்திருக்கிறேன் என்ற கேள்வியும் தானாக வந்து நிற்கும். அதனால்தான் இதைப் படிப்பு என்று தள்ளாமல் பக்தி என்கிறேன்.

மனப்பாடத்துக்கு 119-ஆம் சங்கீதம் நல்லது. 176 வசனம் என்று பயப்பட வேண்டாம். ஆலெப், பேத் என்று எபிரெய எழுத்து வரிசையில் 22 பகுதியாக, பகுதிக்கு எட்டு வசனமாகத்தான் இருக்கிறது. பேத் பகுதியில் தொடங்குங்கள். பாத்திரம் கழுவும்போது ஒரு வசனம் சொல்லுங்கள். அது பழகின பிறகு அடுத்ததற்குப் போகலாம்.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்லுகிறேன். அடுப்பை அணைக்க மறப்பது, தெரிந்த வழி தடுமாறுவது என்று இருந்தால், ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை.

ஜெபக்குழுவில் சொன்ன அந்தச் சகோதரியையும் பிலேமோன் வாசிக்கக் கூப்பிடுங்கள். நீங்கள் கேளுங்கள், அவர்கள் பதில் சொல்லட்டும். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளுங்கள். அது முடிந்ததும் யூதா நிருபத்தை எடுக்கலாம். அதுவும் 25 வசனம்தான், ஆனால் கொஞ்சம் கடினம்.