கிறிஸ்தவம் சொல்லும் தன்னலமற்ற அன்பை அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள்?

எனக்கு இதைக் கற்றுத் தந்தது ஒரு பால்பவுடர் டின். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கேரளம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அம்மா தினமும் சோற்றுக்கு அரிசியை நாழியால் அளந்து முறத்தில் கொட்டி, கல் பொறுக்கி, கழுவப் போகுமுன் ஒரு பிடி அள்ளி அடுக்களை மூலையில் இருக்கும் அந்த டின்னில் போடுவாள். உதடு மட்டும் அசையும், ஜெபம்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசியைத் துணிப்பையில் ஆலயத்துக்குக் கொண்டுபோவோம். எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் விழும். பிடி அரிசி என்று பெயர். தெற்கத்திச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

ஒரு பிடி என்பது 50 கிராம் இருந்தால் அதிகம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. 40 வீடு சேர்ந்தால் 60 கிலோ. கஷ்டப்படும் ரெண்டு மூன்று வீடுகளில் அடுப்பு அணையாமல் இருக்க அது போதும்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு ஆனி மாத மழை. மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது, வெட்டு இல்லாவிட்டால் கூலி கிடையாது. அரிசிப் பானையின் அடி தெரிந்துவிட்டது. அன்றும் அம்மா கையை டின்னுக்குக் கொண்டுபோனாள். "நமக்கே காணாது, இதுல யாருக்கு எடுத்து வைக்குத?" என்று கத்தினேன். அம்மா பதில் பேசவில்லை. பிடி மட்டும் சிறிதாக இருந்தது, நாலு விரல் நுனியில் அள்ளியது. ஆனால் எடுத்தாள்.

அடுத்த வருஷ மழையில் அப்பா தோட்டத்தில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. மூன்று மாதம் கட்டிலில். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் சபைப் பெண்கள் சங்கத்தில் உள்ள ஒரு மைனி (அண்ணி முறை) வந்தார். கையில் பை. நேரே அடுக்களைக்குப் போய் எங்கள் பானையில் அரிசியைக் கொட்டிவிட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். "ஒங்க கோழி அட கெடக்கே, எத்தன முட்ட வெச்சிய?" என்று அம்மாவிடம் கேட்டார். அரைமணி நேரம் கோழியைப் பற்றியே பேச்சு. அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா நன்றி சொல்ல வாயெடுக்கவும் இடம் கொடுக்கவில்லை.

அந்த அரிசியைச் சமைக்கும்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சம்பா, புழுங்கல், பச்சை, ரேஷன் என்று எல்லாம் கலந்து கிடந்தது. சோறாக வடித்தால் பாதி குழையும், பாதி வேகாது. அம்மா தண்ணீரைக் கூட்டிவிட்டு வெகுநேரம் வேகவைத்துக் கஞ்சியாக்கினாள். பயறும் காந்தாரி மிளகாய்த் துவையலும். பல வீட்டு அடுப்பிலிருந்து வந்த அரிசி என்று அந்தக் கஞ்சியே சொன்னது. நான் கத்திய அந்த நாலு விரல் அரிசியும் போன வருஷம் இப்படி யாரோ வீட்டுப் பானையில் விழுந்திருக்கும்.

நீங்கள் கேட்ட தன்னலமற்ற அன்பு என்ற பெரிய வார்த்தைக்கு என் மனதில் உள்ள உருவம் இதுதான். மிஞ்சியதைக் கொடுப்பதில்லை. போதுமா போதாதா என்று தெரியும் முன்னாலேயே, உலையில் போடும் முன்னாலேயே எடுத்து வைப்பது.

பைபிளில் சாறிபாத் ஊர் விதவை கதை இருக்கிறதே, பஞ்ச காலத்தில் அவளிடம் இருந்ததும் ஒரு பிடி மாவுதான். அதில் முதலில் எனக்கு ஒரு சின்ன அடை சுட்டுக் கொண்டுவா, பிறகு உனக்கும் உன் மகனுக்கும் செய் என்கிறார் எலியா தீர்க்கதரிசி. சின்ன வயதில் அது எனக்கு அநியாயமாகத் தோன்றும். இப்போது அந்த 'முதலில்' என்ற சொல்லில்தான் என் கண் நிற்கிறது.

பெரிய தியாகக் கதைகளைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். 1838-ல் லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவமனை எங்கள் பக்கத்து நெய்யூரில் இருக்கிறது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த டாக்டர் சாமர்வெல், திரும்பும்போது அங்கே வந்து, நோயாளிக் கூட்டத்துக்கு அறுவை செய்ய ஒரே ஒரு டாக்டர்தான் என்று கண்டு, லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். கேட்கும்போதெல்லாம் மனம் நிறையும். கூடவே, நம்மால் இது ஆகாது என்றும் தோன்றிவிடும். அப்படித் தோன்றியதால் எதுவுமே செய்யாமல் பல வருஷம் போக்கினேன்.

இப்போது களியக்காவிளையில் தையல் கடை வைத்திருக்கிறேன். அக்கா என்று கூப்பிடுகிறவர்களும் சேச்சி என்று கூப்பிடுகிறவர்களும் சரிபாதி. முன்பெல்லாம் ஏழைப் பிள்ளைகளின் யூனிஃபார்ம் கிழிந்தால் காசு வாங்காமல் தைத்துக் கொடுப்பேன், ஆனால் நேரம் மிஞ்சினால் மட்டும். ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த சமயம், பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் மகளுடைய நீலப் பாவாடையைக் கொண்டுவந்தார். பிள்ளை வளர்ந்துவிட்டது, அடிமடிப்பைப் பிரித்து இறக்க வேண்டும். வாங்கி வைத்தேன். கல்யாண பிளவுஸ்கள் வந்து குவிந்தன. ரெண்டு வாரம் அந்தப் பாவாடை மூட்டையில் அடியில் கிடந்தது. கலர் பாவாடையில் போன அந்தப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இன்றும் அது எனக்கு ஆறவில்லை.

அன்றிலிருந்து காலையில் மெஷினில் உட்கார்ந்தால் முதல் உருப்படி காசில்லாத வேலை. ஒன்றே ஒன்று. ஜிப் மாற்றுவதோ, பை வாரைத் தைப்பதோ, பாவாடை இறக்குவதோ. அது முடிந்த பிறகுதான் மற்றது. எவ்வளவு அவசரமாக யார் வந்து நின்றாலும் இதை மாற்றுவதில்லை.

செய்வதை ஒழுங்காகச் செய்யவேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருக்கிறேன். மடிப்பைப் பிரித்து இறக்கினால், உள்ளே இருந்த துணி கருநீலமாகவும் மேலே வெளுத்தும் இருக்கும், நடுவில் ஒரு கோடு தெரியும். இது போன வருஷப் பாவாடை என்று வகுப்புக்கே சொல்லிக் கொடுக்கும் கோடு. அதன்மேல் கால் இஞ்சில் ஒரு டக்கு, கொஞ்சம் மேலே இன்னொரு டக்கு பிடித்தால் கோடு மறைந்துவிடும், பார்க்க டிசைன் போல இருக்கும். கூட இருபது நிமிஷம் ஆகும். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று இயேசு சொன்னதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: உதவி வாங்கியது அந்தப் பிள்ளையின் உடுப்பில் தெரியக்கூடாது.

"எத்தரயாயி சேச்சி?" என்று கேட்பார்கள். காசு வேண்டாம் என்பேன். சிலர் அடுத்த வாரம் ஒரு மூடு மரச்சீனிக் கிழங்கோ (மரவள்ளி), ஒரு பிடி கறிவேப்பிலையோ கொண்டுவந்து தருவார்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்கிறேன். கொடுப்பது மட்டுமே எனக்கு, வாங்குவது மட்டுமே உனக்கு என்று வைத்துவிட்டால் அதில் அன்பு இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், முக்கியமாகப் பெண்களுக்கு. தன்னலமின்மை என்ற பேரில் தன் சோற்றையும் தூக்கத்தையும் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, உள்ளுக்குள் கசந்துபோன எத்தனையோ அம்மாக்களை எங்கள் சபையிலேயே பார்த்திருக்கிறேன். என் அம்மா எடுத்தது ஒரு பிடி. பானையோடு தூக்கிக் கொடுக்கவில்லை. எங்களுக்கும் சமைத்தாள். அந்த அளவு இருந்ததால்தான் வருஷக்கணக்கில் அவளால் எடுக்க முடிந்தது.

எல்லை தாண்டினால் இதற்குப் பெயர் பிடியரி. 19-ஆம் நூற்றாண்டில் சாவற குரியாக்கோஸ் ஏலியாஸ் அச்சன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போடுவதற்காக வீட்டுக்கு வீடு பிடியரி எடுத்துவைக்கச் சொன்னார். 2014-ல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். இதே குணத்தை 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்திலும் பார்த்தோம். பூந்துறை, விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களை மீட்டார்கள். ஒக்கிப் புயலில் அந்தக் கடற்கரை ஆட்களைப் பறிகொடுத்து ஒன்பது மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. வள்ளம்தான் அவர்களுடைய பிழைப்பே. பாறையிலோ சுவரிலோ மோதினால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்திருந்தால் ஒருவரும் கிளம்பியிருக்க முடியாது.

எங்கள் சபையில் இப்போது பிடி அரிசி இல்லை, காணிக்கைக் கவர் வந்துவிட்டது. கவரில் நானும் போடுகிறேன். ஆனால் டின்னையும் விடவில்லை. தினம் ஒரு பிடி போட்டால் ஒரு கிலோ சேர இருபது நாள் ஆகிறது. கடையிலிருந்து இன்னும் கொஞ்சம் வாங்கிச் சேர்த்து, தேவைப்படும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

போன வாரம் ஒரு வீட்டுக்குப் போனேன். அரிசியை அடுக்களையில் வைத்துவிட்டு வெளியே வந்தால், திண்ணையில் பழைய கூடைக்குள் கோழி அடை கிடந்தது. உட்கார்ந்து, எத்தனை முட்டை வைத்தீர்கள் என்று கேட்டேன். பதினொன்று என்றார் அந்த அக்கா.