மகளின் நீச்சலும் ஏஜென்ட்டின் ‘நடுநிலை முத்திரையும்’

கேள்வி: ஐயா, நான் திருநெல்வேலிக்காரன். மருத்துவம் படிக்க ரஷ்யாவில் உள்ள கசானுக்குப் போனேன். வேலை, குடும்பம் எல்லாம் அங்கேயே அமைந்துவிட்டது. மனைவி ரஷ்யர். 15 வயது மகள் நீச்சல் வீராங்கனை, மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக். ரஷ்ய பாஸ்போர்ட்டும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ (‘ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா’) அட்டையும் இருக்கின்றன. இதுவரை வெளிநாட்டுப் போட்டி எதிலும் இறங்கியதில்லை. ரஷ்யர்களை வெளியில் சேர்க்கவே மாட்டார்கள் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ‘நடுநிலை’ அனுமதி வாங்கித் தருகிறேன், முடியாவிட்டால் ஆறே மாதத்தில் இந்திய அணியில் சேர்த்துவிடுகிறேன் என்று ஓர் ஏஜென்ட் 80,000 ரூபிள் முன்பணம் வாங்கிவிட்டார். மீதியைக் கேட்டு நச்சரிக்கிறார். பயிற்சியாளரோ ராணுவ கிளப்பில் சேர்க்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

2022 பிப்ரவரி 28 அன்று, உக்ரைன் போர் தொடங்கிய ஐந்தாம் நாள், ரஷ்யர்களையும் பெலாரஸ்காரர்களையும் போட்டிகளில் சேர்க்க வேண்டாம் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி பரிந்துரைத்தது. 2023 மார்ச்சில் கதவைக் கொஞ்சம் திறந்தது. கொடி கூடாது, தேசிய கீதம் கூடாது, அணியாக வரக்கூடாது, தனி ஆளாக வரலாம் என்றார்கள். அதற்கும் இரண்டு நிபந்தனை: போரை ஆதரித்துப் பேசியிருக்கக் கூடாது, ராணுவத்தோடோ பாதுகாப்பு அமைப்புகளோடோ ஒப்பந்தம் இருக்கக் கூடாது. ‘நடுநிலை’ என்று ஏஜென்ட் சொல்வது இதைத்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் முந்நூறுக்கும் மேற்பட்ட ரஷ்யர்கள் ஆடினார்கள். பாரிஸில் இப்படி வந்து ஆடியவர்கள் 15 பேர். நீச்சல் குளத்தில் இறங்கியவர் ஒரே ஒருவர், எவ்கேனி சோமோவ்.

நீச்சலைப் பொறுத்தவரை இந்த அனுமதியைத் தந்துவந்தது ‘வேர்ல்ட் அக்வாடிக்ஸ்’ என்ற உலகக் கூட்டமைப்பு. விசாரிப்பது அதற்குள்ளேயே இருக்கும் நேர்மைக் கண்காணிப்புப் பிரிவு. பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் நிற்பவர்போல, நடுவில் ஓர் ஆள் நின்று முத்திரை வாங்கித் தர அங்கே இடமே இல்லை. “உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது” என்று இவர் சொல்லியிருப்பார். எல்லா ஏஜென்ட்டுக்கும் எப்போதும் உள்ளே ஓர் ஆள் இருப்பார். என்னிடம் வந்த இன்னொரு குடும்பத்துக்கு ஒருவர் அழகான வண்ண அச்சில் ‘நடுநிலைச் சான்றிதழ்’ கொடுத்திருந்தார். அப்படி ஒரு காகிதத்தை எந்தக் கூட்டமைப்பும் கையில் கொடுத்து அனுப்புவதில்லை.

அதைவிட முக்கியம், உங்கள் மகளுக்கு அந்த முத்திரையே தேவைப்படாமல் போகலாம். 2025 டிசம்பரில் ஒலிம்பிக் கமிட்டி கூட்டிய மாநாட்டில், ரஷ்ய, பெலாரஸ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் இளம் வீரர்களைத் தடுக்க வேண்டாம், இளையோர் போட்டிகளில் கொடியோடே ஆடட்டும் என்று பரிந்துரைத்தார்கள். ஆனால் ‘இளையோர்’ என்பது எத்தனை வயதுவரை? அதை அந்தந்த விளையாட்டுக் கூட்டமைப்பே முடிவு செய்துகொள்ளட்டும் என்று கைகழுவிவிட்டார்கள். பரிந்துரை ஓர் இடம், முடிவு இன்னோர் இடம், அவதி மட்டும் பிள்ளைகளுக்கு. ஆகவே எந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாலும் அந்தப் போட்டியின் விதியை வேர்ல்ட் அக்வாடிக்ஸ் இணையதளத்தில் அன்றன்றைக்குப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் பழைய சுற்றறிக்கையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

அடுத்து ராணுவ கிளப். பயிற்சியாளர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சிஎஸ்கேஏ ராணுவத்தின் கிளப். டைனமோ கிளப் போலீஸ், பாதுகாப்புத் துறை வழியில் வந்தது. நல்ல குளம், நல்ல சாப்பாடு, மாதம் பிறந்தால் உதவித்தொகை. அங்கே போய்த் தண்ணீரில் இறங்கிப் பயிற்சி எடுப்பதால் மட்டும் ராணுவ ஒப்பந்தம் ஆகிவிடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்து, பதவி, சம்பளம் என்று வந்தால்தான் சிக்கல். இந்த வித்தியாசம் தாளில் தெளிவாக இருக்கிறது. ஆனால் சோதிப்பவர் கண்ணில் முதலில் படுவது சட்டையில் இருக்கும் கிளப் சின்னம். அதன்பின் அது வெறும் பயிற்சிதான் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். இன்று 15 வயது என்பதால் கேட்க மாட்டார்கள். 19 வயதில், பெரியவர்கள் போட்டிக்குப் போகும்போது கேட்கக்கூடும். நகராட்சி குளமோ சாதாரண விளையாட்டுப் பள்ளியோ கிடைத்தால் அங்கேயே விடுங்கள். வேறு வழியே இல்லையென்றால், உறுப்பினர் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் மனைவி வரிவரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். பள்ளியில் ‘யுனார்மியா’ என்ற சிறுவர் படை அமைப்பில் பெயர் சேர்த்தாலும் இதே கவனம் வேண்டும்.

புகைப்பட விஷயத்திலும் கவனம். டோக்கியோவில் இரண்டு பேக்ஸ்ட்ரோக் தங்கமும் வென்ற எவ்கேனி ரைலோவ், 2022 மார்ச்சில் மாஸ்கோ லுஷ்னிகி அரங்கில் போரை ஆதரித்து நடந்த பேரணி மேடையில் நின்றார். ஒன்பது மாதத் தடை கிடைத்தது. உங்கள் மகள் கைபேசியில் தட்டும் ஒரு ‘லைக்’கூட நாளை யாராவது எடுத்துக் காட்டக்கூடும்.

ஆறு மாதத்தில் இந்திய அணி என்பது பச்சைப் பொய். ஓசிஐ குடியுரிமை கிடையாது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்தியாவுக்காக ஆட இந்திய பாஸ்போர்ட் வேண்டும் என்று 2008 முதல் மத்திய அரசின் கொள்கை சொல்கிறது. ஓசிஐ வழியாகக் குடியுரிமை கேட்க வயது 18 ஆக வேண்டும், ஓசிஐ பதிவாகி ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு முன் 12 மாதம் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். ரஷ்யக் குடியுரிமையையும் விட வேண்டும், ஏனென்றால் இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. இதில் எதை ஆறு மாதத்தில் முடிப்பாராம்?

நாடு மாறுவதே நடக்காத காரியமில்லை. அனஸ்தாசியா கிர்பிச்னிகோவா டோக்கியோவில் ரஷ்யர்களோடு நீந்தியவர். பிரான்ஸ் குடியுரிமை பெற்று, பாரிஸில் 1500 மீட்டரில் பிரான்ஸுக்கு வெள்ளி வாங்கிக் கொடுத்தார். ஒரு நாட்டுக்கு ஆடியவர் ஒலிம்பிக்கில் இன்னொரு நாட்டுக்கு ஆட வழக்கமாக மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். உங்கள் மகள் இன்னும் யாருக்கும் ஆடவில்லை, அதனால் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கவில்லை. அவசரப்பட்டு முதல் போட்டியை எந்த நாட்டுப் பெயரில் ஆடுவது என்று ஏஜென்ட்டை முடிவு செய்ய விடாதீர்கள், அவளையும் கேளுங்கள்.

கொடுத்த 80,000 ரூபிளுக்கு ரசீது இருக்கிறதா? இல்லையென்றால், பணம் வாங்கியதை அவரே ஒப்புக்கொள்ளும்படி ஒரு செய்தி எழுத வையுங்கள். “எந்த வேலைக்கு எவ்வளவு வாங்கினீர்கள்” என்று சாதாரணமாகக் கேட்டாலே எழுதிவிடுவார். அந்தச் செய்தியோடு கசானில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மகளின் பாஸ்போர்ட் நகல், பிறப்புச் சான்றிதழ் ஏதாவது ஏஜென்ட் கையில் இருந்தால் பணத்துக்கு முன்னால் அதைத் திரும்ப வாங்குங்கள்.