பில் பாஸாகவில்லையா? கேட்டுக்குப் போங்கள்

கேள்வி: பனியன் கம்பெனி நடத்துகிறோம். சாயப்பட்டறை பில் பாஸாகிப் பணம் போக ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிறது. நல்ல டையிங்காரர்கள் எங்கள் துணியை எடுக்கவே யோசிக்கிறார்கள். சாஃப்ட்வேர் போட்டும் அதே இழுவை. அக்கவுண்ட்ஸில் இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கலாமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: சேர்க்காதீர்கள். பில் போய் உட்கார இன்னும் இரண்டு மேஜை கிடைக்கும், அவ்வளவுதான்.

அடுத்து வரும் பில்லோடு ஒரு வெள்ளைத்தாளைப் பின் பண்ணுங்கள். எந்த மேஜைக்கு எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று அவரவர் எழுதட்டும். நான் மில்லில் கணக்குப் பார்த்த காலத்தில் இப்படிச் செய்தோம். வேலை நடந்த நேரம் அரை மணிகூட இல்லை. மீதியெல்லாம் காத்துக் கிடந்தது. கிடந்ததற்குக் காரணம், காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததுதான். உங்களிடமும் ஆர்டரில் மீடியம் ஷேடு ரேட், பில்லில் டார்க் ரேட் என்றிருக்கும். டிசியில், அதாவது சரக்கோடு வரும் டெலிவரி சலானில், 412 கிலோ, உங்கள் தராசில் 405. கட்டிங் முடிந்த பிறகு அந்த ஏழு கிலோவைத் தேடினால் யார் பதில் சொல்வது?

அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 1980களில் இதே இடத்தில்தான் நின்றது. சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல். கம்ப்யூட்டர் போட்டு 400 ஆக்கலாம் என்று திட்டம். அப்புறம் ஜப்பான் கார் கம்பெனி மாஸ்டாவைப் பார்த்தார்கள். அங்கே அதே வேலைக்கு ஐந்தே பேர். மாஸ்டா சின்ன கம்பெனிதான், அதற்காக இவ்வளவு வித்தியாசமா? ஃபோர்டில் ஆர்டர், சரக்கு வந்த சீட்டு, பில் மூன்றையும் வைத்து 14 விவரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பில்லையே தூக்கிவிட்டார்கள். ஆர்டர் கம்ப்யூட்டரில் இருக்கும். சரக்கு வந்து இறங்கும்போது அதோடு ஒத்துப்போனால் எடுத்துக்கொண்டு பணம், இல்லையென்றால் திருப்பி அனுப்பு. ஆட்கள் முக்கால்வாசி குறைந்தார்கள். 1990-ல் நிர்வாகவியல் நிபுணர் மைக்கேல் ஹாமர் எழுதிய கட்டுரையால் இந்தக் கதை உலகமெங்கும் பரவியது. பழைய வழியையே கம்ப்யூட்டரில் ஏற்றாதே என்பதுதான் அவர் கட்சி. நீங்கள் ஏற்றியது அதைத்தான்.

சரி, நீங்கள் பில்லைத் தூக்க முடியாது. ஜிஎஸ்டி உள்வரி வரவு எடுக்க, அதாவது நீங்கள் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள, அது வேண்டும். ஆனால் முடிவு பில்லுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ரேட்டும் ஷேடும் ஒத்துக்கொண்ட பிராசஸ் லாஸும் (சாயம் போடும்போது குறையும் எடை) ஆர்டரிலேயே ஏறட்டும். கேட்டில் எடை போட்டதும் டையிங் வண்டிக்காரர் முன்னாலேயே டிசியில் வித்தியாசத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஷேடும் ஜிஎஸ்எம்மும் (துணியின் கனம்) கேட்டில் தெரியாது. அதற்கு இரண்டு நாள் கெடு வையுங்கள். பிரச்சினை உள்ள லாட்டை மட்டும் நிறுத்துங்கள். மீதிக்குப் பணம் ஒதுக்கிவிடலாம். பில் வந்தால் ஒட்டி வைக்க வேண்டியதுதான்.

சட்டத்தின் கடிகாரமும் பில்லில் தொடங்குவதில்லை. டையிங்காரர் பதிவு செய்த குறு, சிறு நிறுவனம் என்றால், 2006-ம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் உச்சம். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளிலிருந்தே கணக்கு. இந்தக் கெடு தாண்டினால், பணம் கொடுக்கும் வருடத்தில்தான் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் ஒன்றரை மாதத்தை ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

கஷ்டமான பகுதி, "இந்த எடை சரியில்லை" என்று சொல்லும் அதிகாரத்தைக் கேட்டில் நிற்பவருக்குக் கொடுப்பது. அவர் எழுதியதை உங்கள் மைத்துனர் ஒரு போன் போட்டு மாற்றினால், வாரத்துக்குள் பழைய கதைதான். அக்கவுண்ட்ஸ்காரர்களிடம் வேலை போகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அந்த வெள்ளைத்தாளில் ஒருவரும் உண்மையான நேரத்தை எழுத மாட்டார்கள்.